வண்டலைப் படித்த மனிதர்

ஆடி மாதம் காவிரியில் புதுத் தண்ணீர் வந்ததும் எங்கள் அப்பாயி ஒரு குடம் செந்தண்ணீர் மொண்டு வந்து, குடத்தின் உட்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசி வைப்பார். விடிந்து பார்த்தால் மேலே கண்ணாடி போலத் தண்ணீர், அடியில் விரலால் வழிக்கிற அளவுக்கு வழவழப்பான வண்டல். அதை வீணாக்க மாட்டார். வழித்தெடுத்துக் கொல்லையில் அவரைப் பந்தலுக்குப் போடுவார். "மேட்டூரு கட்றதுக்கு முந்தி இதவிட நெறயத் தங்கும்" என்பார்.

வில்லியம் வில்காக்ஸ் என்ற பாசனப் பொறியாளரைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் குடத்து அடி வண்டல்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த உத்தியோகத்தின் சாரமே அதுதான்.

1852-ல் இந்தியாவில் பிறந்தவர். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் கேப்டன், கால்வாய் வேலையில் இருந்தவர். மகன் ரூர்க்கியில் தாமசன் பொறியியல் கல்லூரியில் படித்து, 1872-ல் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். பதினோரு வருடம் வட இந்தியக் கால்வாய்களில் வேலை. 1883-ல் எகிப்துக்குப் போனார். முந்தின ஆண்டுதான் ஆங்கிலேயர் அந்த நாட்டைப் பிடித்திருந்தார்கள். கெய்ரோவுக்குக் கீழே நைல் இரண்டாகப் பிரிகிற இடத்தில் பிரெஞ்சுப் பொறியாளர்கள் கட்டிய தடுப்பணை விரிசல் விட்டு, யாருக்கும் பயனில்லாமல் கிடந்தது. வில்காக்ஸ் அதைக் கொஞ்சச் செலவில் ஒட்டுப்போட்டு, 1884 கோடையில் தண்ணீரைத் தேக்கிக் காட்டினார். உடைந்துபோன அணை என்று எல்லாரும் கைகழுவிய ஒன்றை நம்பி இறங்க ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

அவர் பெயரை உலகுக்குச் சொன்னது அஸ்வான் அணை. 1890-களில் இடம் தேடி, அளந்து, வடிவமைத்துக் கொடுத்தவர் அவர். கட்டத் தொடங்குமுன்பே, 1897-ல், அரசு வேலையை விட்டுவிட்டார். நைலில் உள்ள ஃபிலே தீவின் பழங்காலக் கோயில் மூழ்கும் என்று ஐரோப்பா முழுக்க எதிர்ப்பு எழுந்ததால் அணையின் உயரம் குறைக்கப்பட்டது. 1902-ல் திறந்தபோது சுமார் 100 கோடி கன மீட்டர் தண்ணீர்தான் தேங்கியது. எனக்கு அந்த அளவு முக்கியமில்லை. அந்த அணையில் 180 மதகுகள் வைத்தார்களே, அதுதான் முக்கியம்.

நைலில் வெள்ளம் வருவது கோடையின் கடைசியில். எத்தியோப்பிய மலை மண்ணைக் கரைத்துக்கொண்டு செக்கச்செவேலென்று வரும். அந்த மாதங்களில் 180 மதகுகளையும் திறந்தே வைக்க வேண்டும், சேறு நிறைந்த தண்ணீர் ஒரு தடையுமில்லாமல் கீழே போக வேண்டும். வெள்ளம் வடிந்து ஆறு தெளிந்த பிறகு, நவம்பர் வாக்கில்தான் கதவை இறக்கித் தேக்க வேண்டும். வண்டல் விவசாயிக்கு, தெளிந்த நீர் அணைக்கு. எத்தனை அழகான ஏற்பாடு! அதே அஸ்வானில் பிறகு, 1970-ல், கட்டி முடித்த உயர் அணைக்குப் பின்னால் அந்த வண்டல் கிட்டத்தட்ட முழுசும் தங்கிவிட்டது. நைல் டெல்டா உரமூட்டைக்கு வந்து சேர்ந்தது, கடலோரம் அரிக்கிறது.

அடுத்து மெசபடோமியா, இன்றைய ஈராக். 1908-ல் துருக்கி அரசு அழைத்து, யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகளை அளக்கச் சொன்னது. அவர் வடிவமைத்த ஹிந்தியா தடுப்பணை 1913-ல் முடிந்து, யூப்ரடீஸின் வறண்டு கிடந்த ஹில்லா கிளைக்குத் தண்ணீர் திரும்பியது. பழைய பாபிலோன் இருந்த பக்கம் அது.

அவருக்கு ஒரு சறுக்கலும் உண்டு, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு, சூடானில் அணை கட்டும் திட்டங்களுக்காக நைலின் நீரளவுக் கணக்கைத் திரித்துவிட்டார் என்று எகிப்தின் பாசன ஆலோசகர் மர்டாக் மெக்டொனால்டு மீது பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். விசாரணை ஆணையம் அதை ஏற்கவில்லை. 1921-ல் கெய்ரோவில் வழக்கு நடந்து, அவதூறுக் குற்றத்துக்காக, நன்னடத்தைக்குப் பிணை எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. அப்போது வயது 68. அந்த விஷயத்தில் தவறு அவர் பக்கம்தான் என்று நினைக்கிறேன். அத்தோடு ஒதுங்கிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் எழுபத்தைந்து வயதுக்கு மேல் அவர் வங்காளத்துக்கு வந்தார். என்னைக் கட்டிப்போட்ட பகுதி இதுதான்.

கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரைகள் 1930-ல் நூலாக வந்தன. மேற்கு வங்காளத்தில் வர்த்தமான் பக்கம் ஆண்டுக்கு 50, 60 அங்குலம் மழை பெய்யும். இவ்வளவு மழை உள்ள ஊருக்குப் பாசனம் எதற்கு என்பது பாசனத் துறையின் எண்ணம். வில்காக்ஸ் சொன்னார்: மழைத் தண்ணீரில் சத்து இல்லை, அந்த மண்ணுக்குத் தேவை ஆற்றுச் சேறு. பழைய ஆட்கள் அதற்கென்றே கால்வாய் வெட்டியிருந்தார்கள். அகலமானவை, ஆழமில்லாதவை, ஒன்றுக்கொன்று இணையாக நீளமாகப் போகிறவை. ஆழமில்லாததால் வெள்ளத்தின் மேல்தண்ணீர் மட்டும் ஏறும். மேல்தண்ணீரில் பருமணல் இருக்காது, நைஸான வண்டல்தான் இருக்கும். வெள்ள நாளில் குடியானவர்கள் கரையை அங்கங்கே வெட்டி வயலுக்கு விட்டுக்கொள்வார்கள், வடிந்ததும் அடைத்துவிடுவார்கள். தண்ணீரோடு மீன்குஞ்சும் வயலுக்கு வரும், கொசுப்புழுவைத் தின்னும்.

பிறகு அந்தப் பக்கத்துத் தாமோதர் ஆற்றின் கரைகளை அரசு உயர்த்திக் கட்டியது, ரயில் பாதை மேடுகள் குறுக்கே வந்தன. சேற்று வெள்ளம் நின்றது, மழைத்தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கி, கொசு பெருகியது. 1860-களில் வர்த்தமான் காய்ச்சல் ஊர் ஊராக ஆட்களைக் கொண்டுபோனது. நிலமும் மெலிந்தது. அப்போதும் மக்கள் இரவோடு இரவாகக் கரையை வெட்டினார்கள். அரசுப் பதிவேட்டில் அது 'உடைப்பு' என்று ஏறியது. அது உடைப்பல்ல, காலங்காலமாகத் திறந்த மடையைத்தான் திறந்திருக்கிறார்கள் என்று அரசுக்குப் புரிகிற மொழியில் எடுத்துச் சொன்னவர், அதே அரசின் பொதுப்பணித் துறையில் தொழில் கற்றவர்!

பாசனத் துறை மறுப்பு வெளியிட்டது. மறுப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வங்காளத்துச் செத்த ஆறுகள் பலவும் மன்னர்கள் வெட்டிய கால்வாய்களே, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனே ஒரு பாசனப் பொறியாளர் என்றெல்லாம் அவர் போனது, ஆறு தானாகவே தடம் மாறும் நாட்டில், அதிகப்படிதான். பழைய முறையை மீட்க அவர் சொன்ன வழியிலும் கங்கைக்குக் குறுக்கே ஒரு தடுப்பணை இருந்தது. கட்டுகிற கை அவருக்குக் கடைசிவரை போகவில்லை.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். ரூர்க்கியில் படித்து, சர் பட்டம் வாங்கி, மூன்று நாட்டு ஆறுகளைக் கட்டி ஆண்டவர். அந்த வயதில், கரையை வெட்டும் வங்காளக் குடியானவனிடம் பாடம் இருக்கிறது என்று மேடையேறிச் சொல்கிறார். பொறியாளர்களுக்குச் சிலை வைக்கிறோம், பிறந்தநாளுக்கு மாலை போடுகிறோம், அது தேவைதான். அவர்கள் கடைசிக் காலத்தில் எழுதியதையும் ஒருமுறை எடுத்துப் படிக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். இன்று வாய்க்காலின் அடியையும் பக்கத்தையும் கான்கிரீட் போட்டு மூடுகிற இடங்களில் நின்று பார்க்கும்போதெல்லாம் அந்த உரைகள் காதில் விழுகின்றன.

1932-ல் கெய்ரோவில் இறந்தார். வங்காள உரைகள் சிறிய நூல்தான். தமிழில் கொண்டுவர வேண்டும் என்று ஆசை, முதல் உரையில் பாதி முடித்திருக்கிறேன். டெல்டாக்காரர்கள், பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் யாராவது கலைச்சொல்லுக்குக் கைகொடுத்தால் நன்றாக இருக்கும். ஆழமில்லாத, அகலமான அந்த வெள்ளக் கால்வாய்க்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?