நாற்காலியின் நுனி

போன வாரம் இன்டர்வியூவுக்கு ஒரு பையன் வந்தான். "உக்காருங்க தம்பி" என்று ரெண்டு தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான். அதுவும் நாற்காலியின் நுனியில், எந்திரி என்றால் உடனே எந்திரிக்கத் தோதாக. ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும் ஒரு "சாரி சார்". பக்கத்தில் இருந்த எச்.ஆர். மேடம் தாளில் எழுதியது கண்ணில் பட்டது: கான்ஃபிடன்ஸ் கம்மி.

அந்த நுனி எனக்கு நன்றாகத் தெரியும். பல வருஷம் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் அப்பா மடை திறந்துவிட்டுக் குரல் கொடுத்தால் நாலு வயல் தள்ளிக் கேட்கும். நடவு ஆள் கூலியில் யாரும் அவரை ஏமாற்ற முடியாது. அதே மனுஷன் பேங்க் படியேறினால் தோளில் கிடக்கும் துண்டு கக்கத்துக்குப் போய்விடும். குரல் பாதியாகிவிடும். எதிரே நாற்காலி காலியாகத்தான் இருக்கும். "உக்காருப்பா" என்றால், "இருக்கட்டும்டா, அவுங்க சொல்லட்டும்." அவருக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று சொன்னால் ஊரே சிரிக்கும். வயலில் இருக்கிறது, பேங்க் வாசலில் கழன்றுவிடுகிறது. கண்ணாடி முன்னால் நின்று 'என்னால் முடியும்' என்று நூறு தடவை சொல்லச் சொல்கிற பேச்சாளர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

உத்தரப் பிரதேசத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 2004இல் ஆய்வறிக்கை வந்தது. ஆறாவது, ஏழாவது படிக்கிற பையன்களிடம் புதிர்ப்பாதைத் தாளைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காதபோது எல்லாப் பையன்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் போட்டார்கள். இன்னொரு பக்கம், ஆரம்பிக்கும் முன்னால் ஒவ்வொருவனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லார் முன்னிலையிலும் வாசித்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் போட்ட புதிர்களின் எண்ணிக்கை சட்டென்று இறங்கிவிட்டது. மூளை அதே மூளைதான்.

நம்ம ஊரில் அப்படி வாசிக்க முடியாது என்று பெருமைப்படலாம். 1925இல் கிளம்பிய இயக்கத்துக்குப் பெயரே சுயமரியாதை. 1929 செங்கல்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் தூக்கிப்போடத் தீர்மானம் போட்டார்கள். என் பெயருக்குப் பின்னால் வால் இல்லாததற்கு அவர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். (வெளிநாட்டு விண்ணப்பத்தில் 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு அப்பா பெயராலேயே அழைக்கப்படும் கூத்து தனி.) ஆனால் "எந்த ஊரு?" என்று கேட்டவர் அடுத்து "ஊருக்குள்ள எங்க?" என்று கேட்பார் பாருங்கள், அது அந்த வாசிப்புதான். காலேஜ் ஹாஸ்டலில் முதல் வாரத்திலேயே மூன்று பேர் கேட்டார்கள். நான் தமிழ் மீடியம் வேறு. பதில் தெரியும், அதை இங்கிலீஷில் அடுக்கி முடிப்பதற்குள் பக்கத்து பெஞ்சுக்காரன் பாதிப் பதிலைச் சொல்லி 'குட்' வாங்கிவிடுவான்.

எல்லாவற்றையும் பின்னணி மேலேயே போட்டுவிடவும் மனசு வரவில்லை. அதே வீட்டில் பிறந்த என் தம்பி கலெக்டர் ஆபீஸிலேயே கை நீட்டிப் பேசுவான். கடைக்குட்டி, அடி கம்மியாக வாங்கியவன். எனக்குத் தெரிந்த காரணம் அவ்வளவுதான்.

அந்தப் பையனிடம் தமிழுக்கு மாறி, "ப்ராஜெக்ட்ல எங்க தம்பி மாட்டுச்சு?" என்று கேட்டேன். கிணற்று மோட்டார் காய்ந்துபோகாமல் இருக்க ஒரு சென்சார் வைத்திருக்கிறான். கரண்ட் ஏறி இறங்கும்போது அது ஏன் பொய் சொன்னது, அதைக் கண்டுபிடிக்க எத்தனை ராத்திரி கிணற்று மேட்டிலேயே படுத்தான் என்று சொல்லிக்கொண்டே போனான். நடுவில் என் பேனாவை எடுத்து என் தாளிலேயே படம் வரைந்தான். முதுகு எப்போதோ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்திருந்தது. அந்தப் பத்து நிமிஷமும் ஒரு 'சாரி' கூட வரவில்லை.

கான்ஃபிடன்ஸ் கட்டத்தில் அஞ்சுக்கு நாலு போட்டேன். எதை வைத்து என்று எச்.ஆரிலிருந்து மெயில் வந்திருக்கிறது. அவன் வரைந்த தாளைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன்.