மொரிஷியஸில் தமிழ் எம்.ஏ.வுக்கு வேலை உறுதியா?

"மொரிஷியஸில் தமிழ் ஆட்சிமொழி, தமிழ் எம்.ஏ. இருந்தால் விரிவுரையாளர் வேலை உறுதி" என்று மொரிஷியஸ் ரூபாய் நோட்டுப் படத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இங்கே வாழும் எங்களுக்கே நாலு முறை வந்துவிட்டது!

நோட்டில் தமிழ் இருப்பது உண்மைதான். 1998-இல் அதை இந்திக்குக் கீழே இறக்கியபோது எதிர்ப்பு கிளம்பி, நோட்டையே மாற்றி அச்சடித்தார்கள். ஆனால் அதனால் தமிழ் ஆட்சிமொழி ஆகிவிடாது. அரசியலமைப்பின் 49-ஆம் பிரிவைப் பாருங்கள்: நாடாளுமன்றத்தின் மொழி ஆங்கிலம், பிரெஞ்சிலும் பேசலாம். தமிழ் அதில் இல்லை.

பள்ளியில் தமிழ் விருப்பப் பாடம். பட்டப்படிப்பு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில். அங்கே விரிவுரையாளர் இடம் காலியானால் நிறுவனத்தின் இணையதளத்திலேயே விளம்பரம் வரும். அதைப் பாருங்கள், ஃபார்வர்டை இத்தோடு நிறுத்திவிடுங்கள்.