ஆந்த்ரோமெடாவிடம் யார் கேட்டார்கள்?

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் இத்தாலிய ஓவியர் டிஷியன் வரைந்த 'பெர்சியூஸும் ஆந்த்ரோமெடாவும்' ஓவியத்தை போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1554-56 வாக்கில் ஸ்பெயினின் இரண்டாம் பிலிப்புக்காக வரைந்தது, இப்போது லண்டன் வாலஸ் கலெக்‌ஷனில் இருக்கிறது. பெண்ணைக் காப்பாற்றும் வீரன் என்றுதான் எல்லோரும் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அப்படித் தோன்றவே இல்லை.

அந்த வீரனைப் பாருங்கள். கையில் வாள், காலில் இறக்கை கட்டிய செருப்பு, எல்லாம் சரி. ஆனால் கிணற்றடியில் வழுக்கி விழுந்தவன் மாதிரி தலைகீழாக வருகிறான், கீழே கடல் மிருகம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறது. ஜெயிக்கப்போவது யார் என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இதே காட்சியை முந்தைய தலைமுறையின் பியரோ டி கோசிமோ வரைந்தபோது (அது ஃப்ளாரன்ஸின் உஃபிசியில் இருக்கிறது) பெர்சியூஸ் மிருகத்தின் முதுகிலேயே ஏறி நின்று வாளை ஓங்குகிறான், முடிவு அங்கேயே தெரிந்துவிடுகிறது. டிஷியன் அதைச் சொல்லாமல் விட்டார்.

கதை ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்னது. தாய் காசியோப்பியா வாய்த்துடுக்காகப் பெருமை பேசினாள், அதற்குத் தண்டனையாக மகள் ஆந்த்ரோமெடாவைக் கடல் மிருகத்துக்கு இரையாகப் பாறையில் கட்டிவிட்டார்கள். பறந்து வந்த பெர்சியூஸ் அவள் அழகைப் பார்த்து இறக்கையை அடிக்கவே மறந்துபோகப் பார்த்தானாம். அப்புறம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும் இடம். மிருகம் அலையைக் கிழித்துக்கொண்டு வருகிறது, இவன் அவளுடைய பெற்றோரிடம் போய் நான் தேவர்களின் ராஜா ஜூபிடரின் மகன், பாம்புத்தலை அரக்கி மெதூசாவை வென்றவன், இவளைக் காப்பாற்றினால் எனக்கே தரவேண்டும் என்று சம்பந்தம் பேசுகிறான்! அவர்களும் தலையாட்டி, ராஜ்யத்தையே சீராகத் தருவதாகச் சொல்கிறார்கள். சங்கிலியில் நிற்பவளிடம் பேரும் ஊரும் விசாரித்தான், உண்மைதான். சம்மதமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதையெல்லாம் கண்டிக்கத்தான் டிஷியன் வரைந்தார் என்று கதைவிட மாட்டேன். 1554இல் பிலிப்புக்கு அவரே எழுதிய கடிதம் இருக்கிறது. முதலில் அனுப்பிய படத்தில் டானேயை (பெர்சியூஸின் தாய்) முன்பக்கமாகக் காட்டினேன், அடுத்த படத்தில் பின்பக்கம், ஆந்த்ரோமெடாவில் இன்னொரு கோணம் என்கிறார். ஜவுளிக்கடையில் புடவையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவதுபோல. ராஜா பார்க்கத்தான் அவள் அப்படி நிற்கிறாள், இப்போது அந்த இடத்தில் நின்று பார்ப்பது நாம்.

ஆனாலும் அந்த மனிதரின் கை சும்மா இருக்கவில்லை. படத்தின் இடதுபக்கம் மேலிருந்து கீழ்வரை அவள்தான். ஒரு கை மேலே இழுபட்டிருக்கிறது, உடம்பு முறுகியிருக்கிறது, முகம் வானத்துப் பக்கம். முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வந்துவிட்டான், பிழைத்தேன் என்ற நிம்மதி எனக்கு அதில் தெரியவில்லை. ஐயோ, இவனும் விழுகிறானே என்ற பதற்றம்தான் தெரிந்தது.