என் அப்பா பெயர் பிச்சைக்கண்ணு

அந்தப் பட்டியலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முகநூல் பக்கம் ஒன்று போட்டது அது. இரண்டு நாளாக என் நட்பு வட்டத்திலேயே எத்தனையோ பேர் பகிர்ந்துவிட்டார்கள். 'தயவுசெய்து இந்தப் பெயர்களை மட்டும் குழந்தைக்கு வைத்துவிடாதீர்கள்' என்று தலைப்பு, பக்கத்தில் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை. குப்பம்மாள், மூக்கன், பேச்சி, தவிடன் என்று போய், ஏழாவது வரியில் பிச்சை. பக்கத்திலேயே 'பொருள்: இரந்து உண்பது' என்று ஒரு விளக்கம் வேறு.

நான் அதன் கீழே பொறுமையாகத்தான் எழுதினேன். வந்த பதிலையும் பார்த்திருப்பீர்கள். 'சும்மா ஜாலிக்குப் போட்டது ப்ரோ, லைட்டா எடுத்துக்கோங்க.' என்னால் லைட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அது என் அப்பா பெயர். இரந்து உண்டதால் வந்த பெயர் இல்லை அது. ஒரு தாய் சாமியிடம் மடியேந்திக் கேட்டு வாங்கிய பிள்ளையின் பெயர்.

அப்பாயிக்கு முதல் மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று பிறந்த பதினோராம் நாள், ஒன்று ஆறு மாதத்தில், ஒன்று நடக்க ஆரம்பித்த பிறகு. மூன்றுக்கும் நல்ல பெயர்தான் வைத்திருந்தார்களாம். நான்காவதாக அப்பா பிறந்தபோது அப்பாயி பிள்ளையைக் கொஞ்சவே பயந்திருக்கிறார். பிறந்த மூன்றாம் நாள் முறத்தில் பழந்துணியை விரித்துப் பிள்ளையைக் கிடத்தி, கொல்லைக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டாராம். பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து 'யாரோ போட்டுட்டுப் போன பிள்ளை' என்று சத்தமாகச் சொல்லி எடுத்துக்கொண்டார். அப்புறம் அப்பாயி ஒரு படி தவிட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, தான் பெற்ற பிள்ளையைத் தானே விலைக்கு வாங்கி வந்தார். இது எங்கள் பிள்ளை இல்லை, யாருக்கும் வேண்டாத பிள்ளை, எமனே, நீயும் இதைக் கண்டுகொள்ளாதே என்று அர்த்தம்.

'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று சின்ன வயதில் உங்களையும் கேலி செய்திருப்பார்கள். அந்தக் கேலி எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? தவிடன், தவிட்டம்மாள் என்ற பெயர்களின் கதை அதுதான். குப்பையில் போட்டு எடுத்தால் குப்பன், குப்பம்மாள். ஆண் பிள்ளைக்கு மூக்குக் குத்தி அடையாளத்தை மாற்றினால் மூக்கன், மூக்கையா. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அதற்கு முன்னால் புதைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். 1951-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 146 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை என்கிறது அரசுக் கணக்கு. அப்பா பிறந்தது 1953. ஆஸ்பத்திரி எட்டாத ஊரில் தாயின் கையில் மிச்சமிருந்த மருந்து ஒரு பெயர்தான்.

இது நம் ஊரில் மட்டும் இருந்ததும் இல்லை. தெலுங்கில் பெண்டய்யா, பெண்டம்மா என்று பெயர்கள் உண்டு. பெண்ட என்றால் அங்கே குப்பை, சாணம். வங்காளத்து விடுதலைப் போராட்ட வீரர் குதிராம் போஸ் பெயரைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1908-ல் தூக்கு மேடை ஏறியபோது அவருக்கு வயது 18. அவருக்கு முன்னால் பிறந்த அண்ணன்கள் இரண்டு பேரும் இறந்துபோனதால், அவருடைய அக்காதான் மூன்று கைப்பிடி நொய்யரிசி கொடுத்துத் தம்பியை விலைக்கு வாங்கினார். நொய்க்கு வங்காளத்தில் 'குத்' என்று பெயர். அதனால்தான் குதிராம். எங்கள் அப்பாயிக்கு வங்காளம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அங்கே நொய், இங்கே தவிடு. அந்த முகநூல் பக்கத்துக்காரர்கள் குதிராமையும் பட்டியலில் சேர்த்துச் சிரிப்பார்களா?

பிச்சைக்கு வருகிறேன். அதே பக்கத்தில் போன மாதம் 'அழகான பொருள் கொண்ட பெயர்கள்' என்று இன்னொரு பட்டியல் போட்டார்கள். போய்ப் பாருங்கள். தேவதத் என்றால் கடவுள் தந்தவன். நத்தானியேல் என்றாலும் கடவுள் தந்தது. தியோடர் என்றால் கடவுளின் பரிசு. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இதயக்குறி. ஐயா, சாமி போட்ட பிச்சை என்பதற்கும் கடவுள் தந்தது என்பதற்கும் என்ன வித்தியாசம்? கிரேக்கத்திலும் எபிரேயத்திலும் சொன்னால் இதயம், எங்கள் அப்பாயி வாயால் சொன்னால் சிரிப்பா? எங்கள் ஊர்ப் பக்கம் அல்லாபிச்சை என்று பாய்மார்கள் இருக்கிறார்கள். பிச்சைமுத்து என்று கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். சாமிதான் வேறு வேறு. கேட்டவள் தாய், கேட்டது பிள்ளை.

'பிச்சை தமிழே இல்லை, பிக்ஷா என்ற வடசொல்' என்று ஒருவர் வந்து பாடம் எடுத்தார். சரி, வடசொல்தான். அதற்கும் சிரிப்பதற்கும் என்ன சம்பந்தம்? பேச்சியைச் சேர்த்தீர்களே, அதில் இருப்பது நல்ல தமிழ்ப் பேய். ஐங்குறுநூற்றில் முல்லைத்திணையின் நூறு பாட்டும் பாடியவர் பெயர் பேயனார். ஆழ்வார்களில் ஒருவர் பேயாழ்வார். காரைக்கால் அம்மையார் தன் பாட்டிலேயே தன்னைக் காரைக்கால் பேய் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். பேச்சியம்மன் பிள்ளைகளைக் காக்கிற சாமி. அவள் பெயரை வைத்தால் அவள் பார்த்துக்கொள்வாள் என்று நம்பி வைத்த பெயர் அது.

'சுந்தர் பிச்சை இருக்காரே, அதைச் சொல்லுங்க' என்று எனக்கு ஆதரவாகவே சிலர் எழுதினார்கள். நல்ல மனதோடு சொன்னீர்கள், நன்றி. ஆனால் அவரை நான் துணைக்குக் கூப்பிட மாட்டேன். பெரிய கம்பெனிக்குத் தலைவர் ஆனால்தான் அந்தப் பெயருக்கு மரியாதை என்றால், கூட்டுறவு சங்கத்தில் எடை போட்டு ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு அந்த மரியாதை கிடையாதா?

இன்னொரு கேள்வியும் வந்தது. அது நியாயமான கேள்வி. நல்ல பெயர் வைத்துக்கொள்ளவே விடாமல், இழிவான பெயர்தான் வைக்க வேண்டும் என்று சாதியால் அடக்கி வைக்கப்பட்டவர்கள் இருந்தார்களே, அதையும் புனிதமாக்குவீர்களா என்று ஒரு தங்கை கேட்டார். இல்லை அம்மா. அடுத்தவன் திணித்த பெயர் வேறு, பெற்றவள் பயந்து வைத்த பெயர் வேறு. குப்புசாமி சாஸ்திரி என்று சென்னையில் பெரிய சமஸ்கிருதப் பேராசிரியர் இருந்தார். இந்தப் பயத்துக்குச் சாதி வித்தியாசம் இருந்ததில்லை. ஆனால் ஒரே பெயரை ஒரு தெருவில் பிரியமாகவும் அடுத்த தெருவில் அதட்டியும் கூப்பிட்டார்கள் என்பதும் உண்மைதான். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

அதேபோல வேண்டாம், போதும்பொண்ணு என்று பெண் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களை நான் ஆதரிக்கவில்லை. அங்கே பொய்யாக 'வேண்டாம்' என்று எமனிடம் சொல்லவில்லை, நிஜமாகவே வேண்டாம் என்று பிள்ளையிடமே சொல்லிவிட்டார்கள். அந்தப் பெயரைச் சுமந்த பெண்களைப் பார்த்தும் சிரிக்க எனக்கு வாய் வராது. அவர்கள் என்ன தப்பு செய்தார்கள்?

'காலம் மாறிடுச்சு, இனிமே யார் வைக்கப்போறாங்க?' வைக்க வேண்டாம். என் மகளுக்கே நான் கயல்விழி என்றுதான் வைத்திருக்கிறேன். உங்கள் பிள்ளைக்கு வாயில் நுழையாத பெயரை எண்கணிதம் பார்த்து வையுங்கள், நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தப் பெயர்களோடு இன்னும் உயிரோடு இருக்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ரேஷன் கடை வரிசையில், வங்கியில், ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிடும்போது நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா எழுந்து போகும்போது அந்த நாலு பேரையும் பார்க்கவே மாட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு எழுதுகிற எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. என் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது, பெரிய இடத்து ஆட்கள் வருவார்கள், அப்பா பெயரைக் கொஞ்சம் மாற்றிப் போடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. நான் சரி என்று தலையாட்டினேன். அப்பாவிடம் போய்க் கேட்டேன். 'உனக்கு எது வசதியோ போட்டுக்கப்பா' என்றார். 'திரு. பி. கண்ணன்' என்று அச்சாகி வந்தது. ஊரில் கொடுக்கப் போனபோது ஒன்றுவிட்ட பெரியப்பா பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'யாருடா கண்ணன்?' என்று கேட்டார். அப்பா பக்கத்தில்தான் நின்றார். வெற்றிலைத் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாயி அப்போது இல்லை. இருந்திருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? பக்கத்து வீட்டு அம்மா இறக்கும்வரைக்கும் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு படி புது அரிசி அவர் வீட்டுக்குப் போகும். தவிட்டுக்குப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்த கடன் அது. அப்பாதான் தன் கையால் கொண்டுபோய்க் கொடுப்பார்.

அந்தப் பக்கத்தை நடத்துகிறவரிடம் ஏழாவது வரியை எடுக்கச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டேன். இந்த நிமிஷம் வரைக்கும் அப்படியேதான் இருக்கிறது. அப்பாவும் முகநூலில் இருக்கிறார். சாப்பிட்ட பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். நேற்று ராத்திரி போனில் பேசினோம். அங்கே மழை உண்டா என்றார், பேத்தி தூங்கிவிட்டாளா என்றார். பார்த்தாரா என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.