ஏமாந்தவரை எழுப்பி நிறுத்திச் சிரிப்பதற்குப் பெயர் விழிப்புணர்வா?

வியாழக்கிழமை கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அங்கே எடுத்த வீடியோத் துண்டு கோத்தகிரி வாட்ஸ்அப் குரூப்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே சிரிப்பு பொம்மைகள். போட்டவர்களில் பாதிப் பேரை எனக்கு நேரில் தெரியும். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

சைபர் குற்ற விழிப்புணர்வு என்று கூப்பிட்டார்கள், போனோம். பேச வந்த அதிகாரி, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த எங்கள் சிஸ்டரம்மாவை எழுந்து நிற்கச் சொல்லி, "இந்த அம்மா மாதிரி யாரும் ஏமாந்துடாதீங்க, படிச்சவங்களே இப்படி இருந்தா என்ன பண்றது?" என்றார். ஹால் சிரித்தது. அங்கே அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். உட்காரலாமா என்று கூட அவருக்குத் தெரியவில்லை.

பணத்தைப் பறிகொடுத்தவர் குற்றவாளி இல்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். போலீஸ் யூனிஃபார்மில் ஒருவன் வீடியோ காலில் வந்தான். அவர் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருப்பதாகச் சொன்னான். அவருடைய ஆதார் எண்ணைச் சரியாகச் சொன்னான், வேலை பார்த்த எஸ்டேட்டைச் சொன்னான். போனை வைத்தால் கைது என்றான். இரண்டு நாள் அந்த அம்மா கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கடைசியில் பணிக்கொடையாக வந்த டெபாசிட்டை உடைத்து அனுப்பிவிட்டார்.

இதில் பேராசை எங்கே இருக்கிறது? "பேராசை பெருநஷ்டம்" என்று ஒருவர் குரூப்பில் எழுதியிருக்கிறார். லாட்டரிக்கா ஆசைப்பட்டார்? போலீஸுக்குப் பயந்தார். போலீஸ் என்றால் பயப்பட வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? 2024-ல் இதே மாதிரி ஒரு போலி சிபிஐ நாடகத்தில், போலி உச்ச நீதிமன்ற விசாரணை வரை காட்டி, ஜவுளித் தொழில் செய்யும் வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி.ஓஸ்வாலிடமிருந்து 7 கோடி ரூபாய் பறித்தார்கள். பத்மபூஷண் வாங்கிய மனிதர். அவரை எந்த மேடையிலும் எழுப்பி நிறுத்தி யாரும் சிரிக்கவில்லை. சிஸ்டரம்மா என்றால் மட்டும் சிரிப்பு வருகிறது.

சரி, கேள்வியைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம். அவருடைய ஆதார் எண் அவன் கைக்கு எப்படிப் போனது? அந்த சிம் கார்டு யார் பெயரில் விற்கப்பட்டது? பணம் போய் விழுந்த கணக்கை எந்தக் கிளை, யாருடைய ஆவணத்தைப் பார்த்துத் திறந்தது? அறுபது வயதைத் தாண்டிய பெண் பதறிக்கொண்டு வந்து டெபாசிட்டை உடைத்து முன்பின் தெரியாத கணக்குக்கு அனுப்பும்போது, கவுன்டரில் இருந்தவர் "என்னம்மா விஷயம்?" என்று ஒரு வார்த்தை கேட்டாரா? வியாழக்கிழமை கூட்டத்தில் இந்த நான்கு கேள்விகளில் ஒன்று கூட வரவில்லை.

"ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று மட்டும் பத்து முறை வந்தது. நான் ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் சேவையும் நடத்துகிறவள். காலையில் கடை திறந்ததிலிருந்து என் வேலை என்ன தெரியுமா? பிஎஃப் பணம் எடுக்க, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, பான் கார்டு எடுக்க என்று வருகிற ஒவ்வொருவரிடமும் "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கக்கா" என்று கேட்பதுதான். கொழுந்து பறித்துப் பறித்து ரேகை தேய்ந்த கைகள். இயந்திரத்தில் விரல் பதியாது. மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டு ஓடிபிக்குத்தான் வர வேண்டும். அந்த போன் நம்பர் திருப்பூரில் வேலை பார்க்கும் பேரனுடையதாக இருக்கும். பாட்டி அவனைக் கூப்பிட்டு, அவன் சொல்லி, பாட்டி என்னிடம் சொல்லி, அப்புறம்தான் வேலை நடக்கும். எதிரில் இருப்பவரிடம் ஓடிபியைச் சொன்னால்தான் காரியம் ஆகும் என்று இந்த அமைப்பே மக்களைப் பழக்கி வைத்திருக்கிறது. பழக்கிவிட்டு, ஏன் சொன்னாய் என்று அந்தப் பாட்டியையே திட்டுகிறது.

இந்த டிஜிட்டல் எல்லாம் எங்கள் ஜனங்கள் கேட்டு வாங்கியதும் இல்லை. 2016 நவம்பரில் நோட்டு செல்லாது என்று அறிவித்த பிறகு சம்பளம் கொடுக்கக் கையில் காசில்லாமல் எஸ்டேட்கள் தவித்தன. அப்போதுதான் பலருக்கும் சம்பளம் பேங்க் கணக்குக்கு மாறியது. எங்களை இதற்குள் இழுத்து வந்தவர்களுக்கு ஒரு பொறுப்பும் இல்லையா?

"அவரே அனுப்பினார், பேங்க் என்ன செய்யும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி போலத் தெரியும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. நம் தவறு இல்லாமல் வெளியாள் யாரோ நம் கணக்கில் கைவைத்து, வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் நாம் சொல்லிவிட்டால், நமக்கு நஷ்டம் கிடையாது. நம் தவறு என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். நல்ல விதி. ஆனால் மிரட்டி நம் கையாலேயே அனுப்ப வைத்தால் அந்தச் சுற்றறிக்கையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. மோசடிக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் நம்மையே அனுப்ப வைக்கிறான்.

இதற்கு வழியே இல்லை என்று சொல்லாதீர்கள். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாற்றப்பட்டுத் தானே அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை வங்கி திருப்பித் தர வேண்டும். அதில் பாதியை, மோசடிக்காரனுக்குக் கணக்கு கொடுத்த வங்கி ஏற்க வேண்டும். சிங்கப்பூரில் அதே ஆண்டு டிசம்பரிலிருந்து, போலி லிங்க் அனுப்பி விவரத்தைத் திருடும் ஃபிஷிங் மோசடியில் வங்கியோடு தொலைபேசி நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. "திருப்பிக் கொடுத்தால் ஜனங்களுக்கு அலட்சியம் வந்துவிடும்" என்பார்கள். மிக மோசமான அலட்சியம் என்றால் திருப்பித் தர வேண்டியதில்லை என்று பிரிட்டன் விலக்கு வைத்திருக்கிறது. முதியவர், நோயாளி போன்ற பலவீனமான நிலையில் இருப்பவர்கள் மேல் அந்த விலக்கும் பாயாது. யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

நம் ஊர்ச் சட்டத்தையும் பாருங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. தரவைப் பாதுகாக்காத நிறுவனத்துக்கு 250 கோடி வரை அபராதம். கேட்க நன்றாக இருக்கிறது. அந்த அபராதம் போவது அரசின் தொகுப்பு நிதிக்கு. பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய் இல்லை. நஷ்டஈடு கேட்க தகவல் தொழில்நுட்பச் (ஐடி) சட்டத்தில் இருந்த 43ஏ பிரிவையும் இந்தச் சட்டமே நீக்கச் சொல்கிறது. சிஸ்டரம்மாவின் தரவு திருடுபோனால் கஜானா நிறையும், அவர் கை காலியாகவே இருக்கும். எனக்கு இதைப் படித்தபோது வயிறு எரிந்தது.

"சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு உடனே கூப்பிட்டிருக்கலாமே" என்கிறீர்கள். அன்று மழை. கரண்ட் போனால் டவர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று இங்கே இருக்கும் எல்லாருக்கும் தெரியும். சிக்னல் தேடி அவர் பஸ் ஸ்டாண்ட் வரை நடந்து வந்தார். அதற்குள் பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்துவிட்டது.

"அதிகாரி நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், நீ பெரிதுபடுத்துகிறாய்" என்று உள்பெட்டியில் எழுதியவர்களுக்கு: நல்ல எண்ணம் இருந்திருந்தால், வங்கிகள் தங்கள் இணைய முகவரியை டாட் பேங்க் டாட் இன் (.bank.in) என்று முடியும்படி 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதைச் சொல்லியிருப்பார். போலி லிங்கை அடையாளம் காண உதவும் விஷயம், சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடம் சிஸ்டரம்மாவை நிற்க வைப்பதில் போய்விட்டது.

அவர் இந்த ஞாயிறு சர்ச்சுக்கு வரவில்லை. இரவு இரண்டு மணிக்கும் பிரசவ வீட்டுக்கு டார்ச் பிடித்துக்கொண்டு வந்த மனுஷி, இப்போது கடைவீதிக்கு வரக் கூசுகிறார். பணத்தைத் திருடியவன் எங்கோ இருக்கிறான். இந்தக் கூச்சத்தைக் கொடுத்தது நாம்.

குரூப் அட்மின்களே, அந்த வீடியோவை இன்றே எடுங்கள். அடுத்த கூட்டம் குன்னூரில் என்று கேள்விப்பட்டேன். நான் வருவேன். ஆதார் எப்படிப் போனது, சிம்மை யார் விற்றார்கள், கணக்கை யார் திறந்தார்கள், கவுன்டரில் ஏன் யாரும் கேட்கவில்லை என்று மைக்கில் கேட்பேன். என்னோடு வர நினைப்பவர்கள் கீழே பெயரைப் போடுங்கள்.