வாடகை கொடுத்துச் சமூகத்தை வளர்க்க முடியுமா?

"வாடகையில் ஒரு பங்கை நாங்கள் தருகிறோம். பதிலுக்கு மாதத்தில் சில நாட்கள் வீட்டைத் திறந்து வைத்து, வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுங்கள்." இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சமய அமைப்பு இப்படிச் சொன்னால், இது ஆள்பிடிக்கும் வேலை என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அமெரிக்காவில் தொடங்கிய மொய்ஷே ஹவுஸ் என்ற யூத அமைப்பின் வீடுகளைப் பற்றியும் அப்படிப் பேசுகிறார்கள். நான் அவர்கள் கட்சி இல்லை.

2006இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் நான்கு இளைஞர்கள், சேர்ந்து குடியிருந்த வீட்டில் யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை இரவு நண்பர்களைக் கூட்டி விருந்து வைத்தார்கள். செலவுக்கு ஒரு கொடையாளர் கை கொடுத்தார். அவ்வளவுதான் தொடக்கம். இன்று இப்படிப்பட்ட வீடுகள் பல நாடுகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இருபதுகளில் இருக்கும் மூன்று முதல் ஐந்து பேர் குடியிருக்கிறார்கள். ரபி என்கிற யூத மதகுரு கிடையாது, மேலாளர் கிடையாது. என்ன நிகழ்ச்சி, யாரை அழைப்பது, என்ன சமைப்பது எல்லாம் அவர்கள் முடிவு. அடிப்படை எண்ணம் புதிதல்ல. 1968லேயே பாஸ்டன் பக்கம் ஹவுரத் ஷாலோம் என்று இளைஞர்கள் ஒரு கூட்டுச் சமூகத்தைத் தொடங்கி, தரையில் மெத்தை போட்டு உட்கார்ந்து தொழுதார்கள்.

கல்லூரியில் படிக்கும் யூத மாணவருக்கு 1923 முதல் ஹில்லெல் என்ற மாணவர் அமைப்பு இருக்கிறது. குழந்தை குட்டியோடு இருப்பவருக்கு ஜெப ஆலயம் இருக்கிறது. இடைப்பட்ட பத்து வருடம்தான் யாருக்கும் சொந்தமில்லாத காலம். வேலைக்காக ஊர் மாறியிருப்பார்கள், அறையில் தனியாக இருப்பார்கள். ஜெப ஆலயத்தில் சேர ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். பெருநாள் வழிபாட்டுக்கு டிக்கெட் விற்கும் ஆலயங்கள் நிறைய. (சிறப்பு தரிசன வரிசையைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை.) வாடகைக்கே திண்டாடுகிறவன் அங்கே எதற்குப் போகிறான்?

இளைய தலைமுறை கைநழுவிப் போய்விடுமோ என்ற பெரியவர்களின் பயமும் புரிகிறது. பியூ ஆய்வு மையம் 2020இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, 2010க்குப் பிறகு திருமணம் செய்துகொண்ட அமெரிக்க யூதர்களில் 61 சதவீதம் பேரின் துணை யூதரல்லாதவர். முப்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் பத்துக்கு நான்கு பேர் தங்களுக்கு மதம் எதுவும் இல்லை என்கிறார்கள். இதற்கு முன்பே, 1999இல், யூத இளைஞர்களுக்கென்று பத்து நாள் இலவச இஸ்ரேல் பயணத் திட்டம் தொடங்கப்பட்டது. பயணம் நல்லதுதான். ஆனால் பதினோராம் நாள் அதே தனியறைக்குத்தானே திரும்ப வேண்டும்?

சான் பிரான்சிஸ்கோ பக்கம் வேலை பார்த்த காலத்தில், அலுவலக நண்பன் ஒருவன் இப்படி ஒரு பகிர்வு வீட்டுக்கு வெள்ளிக்கிழமை விருந்துக்கு அழைத்துப் போனான். சூரியன் மறைவதற்கு முன்பே மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. திராட்சை ரசத்தின் மீது ஆசி சொன்னார்கள். பிறகு இரண்டு கைப்பிடி வைத்த குவளையால் ஒவ்வொருவராகக் கை கழுவினார்கள். கழுவிய பிறகு, ரொட்டியைப் பிட்டு வாயில் போடும் வரை பேசக் கூடாதாம். எனக்கு அது தெரியாது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் வேலை பற்றிக் கேட்டேன். அவள் வாயைத் திறக்காமல், துணி மூடியிருந்த இரண்டு ஹல்லா ரொட்டிகளைக் கண்ணால் காட்டினாள். அடக்கிய சிரிப்பு மேசையைச் சுற்றி ஓடியது. ரொட்டியில் உப்புத் தொட்டுச் சாப்பிட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எபிரேயம் வாசிக்கத் தெரியாதவர்களும் அங்கே இருந்தார்கள், யாரும் கணக்கெடுக்கவில்லை.

சமையலறைதான் உண்மையான பரீட்சைக் கூடம். யூத உணவு விதிப்படி பாலும் இறைச்சியும் கலக்கக் கூடாது. இழுப்பறைகளில் சிவப்பு நாடா ஒட்டியிருந்தால் இறைச்சிப் பாத்திரம், நீல நாடா என்றால் பால் பாத்திரம். ஒருத்தி கோஷர் எனப்படும் அந்த உணவு விதிகளை அணு பிசகாமல் பின்பற்றுகிறவள், இன்னொருவன் இதெல்லாம் எதற்கு என்கிறவன், இருவருக்கும் ஒரே அடுப்பு. அந்த வீட்டில் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்தது: பொது விருந்து என்றால் சைவம் மட்டும். பாலும் இறைச்சியும் கலக்கும் சிக்கலில் பாதி அதோடு ஒழிந்தது. இந்தப் பேரத்தை ஒரு கமிட்டி பேசியிருந்தால் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

குறை சொல்ல இடமே இல்லையா? இருக்கிறது. "எல்லாரும் வரலாம்" என்று சொல்வது சுலபம். 2023 அக்டோபருக்குப் பிறகு, இஸ்ரேலையும் காசாவையும் பற்றி எதிரெதிர்க் கருத்துள்ள இருவரை ஒரே மேசையில் உட்கார வைப்பது சுலபமல்ல. அந்தச் சுமையை இருபத்தாறு வயதுக்காரர்கள் தலையில் வைத்துவிட்டு, பணம் கொடுத்தவர் தள்ளி நிற்பது நியாயமில்லை. அதே நேரம், என்ன பேச வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தாலோ, பிறகு அது அவர்கள் வீடே அல்ல. சோர்வு வேறு. வேலை முடிந்து வந்து முப்பது பேருக்குச் சமைத்து, பாத்திரம் கழுவி, செலவுக் கணக்கும் எழுத வேண்டும் என்றால் எத்தனை மாதம் தாங்கும்?

இந்த வீடுகள் யூதர்களுக்குள் ஜோடி சேர்க்கும் திருமணத் தரகு என்றும் சிலர் சொல்கிறார்கள், அந்தக் குற்றச்சாட்டை மட்டும் நான் பொருட்படுத்துவதில்லை. இளைஞர்கள் கூடுகிற இடத்தில் காதல் வரத்தான் செய்யும், அதற்கு யாரும் வாடகை கட்ட வேண்டியதில்லை.

எனக்கு ஒரே ஆதங்கம் வயது வரம்பு. முப்பதை ஒட்டிய வயதில் அந்த வீட்டிலிருந்து வெளியேற வேண்டியதுதான். அந்த வீடுகளை விட்டுப் போனவர்கள் தங்கள் சொந்த வீட்டில் விருந்து வைத்தால் ரொட்டிக்கும் திராட்சை ரசத்துக்கும் ஆன செலவைத் திருப்பித் தரும் திட்டம் ஒன்றை அதே அமைப்பு பின்னர் கொண்டுவந்தது. வாடகையைவிட எவ்வளவோ மலிவு. நான் கொடையாளராக இருந்தால், புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்ட யாராவது காசு கேட்டு வரும்போது அந்தக் காசை இந்தத் திட்டத்துக்குத்தான் திருப்பிவிடுவேன், வயது வரம்பை எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.