தூணுதான் இருக்குதாம்

மலேசியாவிலிருந்து மதுரைக்குப் போகும் எங்கள் பயண குரூப்பில், திருமலை நாயக்கர் மகாலைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டதாக ஏஜென்ட் தம்பி போட்ட அந்த வாய்ஸ் நோட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். கேட்டவர்களுக்குத் தெரியும். கேட்காதவர்கள் இன்பாக்ஸில் வந்து "யாரு அந்த ஏஜென்ட்?" என்று கேட்க வேண்டாம், சொல்லமாட்டேன். அந்தத் தம்பியின் பிழைப்பில் மண்ணைப் போடும் எண்ணம் எனக்கில்லை. டிக்கெட், ஓட்டல், பஸ் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

"மதுரையில மகாலை எடுத்துட்டேங்கா. அங்க ஒண்ணும் இல்ல, தூணுதான் இருக்கு. அதுக்குப் பதிலா சேலைக்கடை போட்டிருக்கேன்."

உடனே குரூப் முழுக்கக் கைதட்டல் பொம்மைகள். ஓர் ஆன்ட்டி எழுதினார்: "அரண்மனைன்னா மைசூரு மாதிரி மின்னணும். நம்மாளுங்க கோயிலோட சரி." நான் ஒரே ஒரு வரி போட்டேன், "தூணைப் பார்க்கத்தான் தம்பி போறதே" என்று. அதற்கு, "டீச்சரம்மா பாடம் எடுக்க வந்துட்டாங்க" என்று பதில். நான் டீச்சர் இல்லை, கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். பாடம் எடுக்கிறேன் என்று ஏற்கெனவே பேராகிவிட்டதால் எடுத்தே விடுகிறேன்.

திருமலை நாயக்கர் மகால் 1636இல் கட்டியது. அந்த வருடம் கோலாலம்பூர் என்று ஓர் ஊரே கிடையாது. பினாங்கில் பிரான்சிஸ் லைட் வந்து இறங்க இன்னும் 150 ஆண்டுகள் இருக்கின்றன. மலாக்கா அப்போது போர்த்துகீசியர் கையில் இருந்தது, டச்சுக்காரர்கள் 1641இல்தான் பிடித்தார்கள். டில்லிச் செங்கோட்டைக்கு அடித்தளமே 1639இல்தான். இதையெல்லாம் தாண்டி இன்றைக்கும் நிற்கிற ஒரு கூடத்தைப் பார்த்து, ஒன்றுமில்லை, தூணுதான் என்கிறோம்.

மைசூர் அரண்மனை அழகு. அதை யார் மறுத்தார்கள்? நானும் போயிருக்கிறேன், அந்த விளக்குகளைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன். ஆனால் அந்த ஆன்ட்டிக்கு ஒரு சேதி. மைசூரில் இருந்த பழைய மர அரண்மனை 1897இல் எரிந்துபோனது. இப்போது நாம் பார்ப்பது அதற்குப் பிறகு ஹென்றி இர்வின் என்ற வெள்ளைக்காரர் வரைந்து, 1912இல் கட்டி முடித்தது. நம்முடைய பழைய கோலாலம்பூர் (கே.எல்.) ரயில் நிலையம் 1910. அதாவது ரயில் நிலையம் அந்த அரண்மனைக்கு அண்ணன். டத்தாரான் மெர்டேக்கா என்கிற சுதந்திரச் சதுக்கத்துக்கு எதிரே நிற்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் 1897, பழைய மைசூர் அரண்மனை எரிந்த அதே வருடம். மின்னுவதெல்லாம் பழசு, மின்னாததெல்லாம் இடிசல் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள் நமக்கு?

தூணுதான் என்பதற்கு வருகிறேன். ஆமாம், தூண்தான். 248 தூண்கள் என்று சொல்வார்கள். மூன்று பேர் கைகோத்து நின்றால்தான் ஒன்றைச் சுற்றிப் பிடிக்க முடியும். மேலே இதழ் இதழாக வளையும் வளைவுகள், அவற்றின் மேல் யாளியும் பூக்கொடியுமாகச் சுதை வேலை, அதற்கும் மேலே குவிமாடம். வளைவைப் பார்த்தால் சுல்தான்களின் கட்டடம் போல இருக்கும், சுதையைப் பார்த்தால் கோபுரம் போல இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் பிசைந்திருக்கிறார்கள். சொர்க்க விலாசம் என்கிற பெரிய கூடத்தின் அந்த மாடத்தை உத்தரமோ மரச்சட்டமோ கொடுக்காமல் செங்கல்லும் சுண்ணமும் வைத்தே தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். தூணை எடுத்துவிட்டால் அங்கே அரண்மனை ஏது? தூண்தான் அரண்மனை.

அப்பா உயிரோடு இருந்தபோது அவரையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அப்பா கே.எல். செந்தூலில் கொத்து வேலை பார்த்தவர். இந்த ஊரில் எத்தனையோ அடுக்குமாடிகளுக்குப் பூச்சு பூசியவர், ஒன்றில்கூடக் குடியிருந்ததில்லை. கோயில்களில் அரை மணி நேரத்தில் "போலாமா" என்பவர், மகாலில் கிளம்பவே மாட்டேன் என்றார். தூண்களில் காதலர்கள் பேரைக் கீறி வைத்திருக்கிறார்கள் அல்லவா, அப்படிக் கீறிய ஓர் இடத்தில் நின்று, உடைந்த விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் தடவிக்கொண்டே இருந்தார். உள்ளே சொரசொரப்பாக ஒரு பூச்சு, அதன் மேல் மெல்லியதாக ஒன்று, அதற்கும் மேல் நகம் வழுக்கும் அளவுக்கு ஒன்று. கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசியது என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அவரைப் பார்க்கவே இல்லை. "இத பூசுனவன் அவசரப்படல" என்றார். கொஞ்சம் கழித்து, "நம்மள எங்க அவசரப்படாம விட்டானுங்க" என்றும் சொன்னார். அம்மா அவர் பாட்டுக்கு அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்தப் புறா எச்சத்தையெல்லாம் யாரு கூட்டுறது?" என்றார். அதுவும் நியாயமான கேள்விதான். அம்மா பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தவர்.

கீறல்களில் ஒன்று "மலேசியா" என்று இருந்தது. யாரோ நம்மாள். அங்கே ஒன்றுமில்லை என்று அவருக்கும் தோன்றியிருக்கும், அதனால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

இப்போது ஒவ்வொருவராக வருவீர்கள், தெரியும்.

"அரண்மனையில் முக்கால்வாசி இல்லையே, இருப்பதே கால்வாசிதானே?" சரி, அப்படித்தான் சொல்கிறார்கள். சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என்று இரண்டு பெரும் பகுதிகள். ரங்க விலாசம் போயிற்று. திருமலையின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனார் என்பார்கள். தாத்தா கட்டியதைப் பேரன் பிரிப்பது நமக்குப் புதிதா என்ன, செந்தூலிலும் கம்போங் பாண்டானிலும் பார்க்காததா? பிறகு அங்கே சண்டை, பட்டாளம், பாழ். 1866 முதல் 1872 வரை மதராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுதான் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். அந்த வேலையில் இருந்தவர் ராபர்ட் சிஷோம், பிற்பாடு சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸைக் கட்டியவர். அதற்கப்புறம் மகால் நீதிமன்றமாக இருந்தது. இவ்வளவுக்கும் பிறகு கால்வாசி நிற்கிறது என்றால் அந்தக் கால்வாசியைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

இந்த சிஷோம் விஷயத்தில் கே.எல்.காரர்களுக்கு ஒரு சுவாரசியம் இருக்கிறது. நம் ஊரிலேயே மிகுதியாகப் படமெடுக்கும் கட்டடங்கள் எவை? அப்துல் சமாட் கட்டடம், பழைய ரயில் நிலையம், மஸ்ஜிட் ஜாமேக். வளைவும் குவிமாடமுமாக இருக்கும் இந்த மோஸ்தரை இந்தோ-சாரசெனிக் என்பார்கள். மதராஸில் அதை முன்னால் நின்று வளர்த்தவர்களில் ஒருவர் சிஷோம், அதாவது மகாலின் வளைவுகளைக் கையால் தொட்டுச் சரிசெய்தவர். அங்கிருந்து நேரே கப்பலேறி கிள்ளானில் இறங்கியது என்று ஒரே கோடு போட்டுவிட முடியாது. இங்கே இந்த மோஸ்தரை வற்புறுத்திய சிலாங்கூர் அரசுப் பொறியாளர் ஸ்பூனர் இலங்கையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஆனாலும் ஒரே குடும்பம்தான். அந்தக் குடும்பத்தின் பாட்டி மதுரையில் உட்கார்ந்திருக்கிறாள். பேத்தியோடு நின்று செல்பி எடுக்கிறோம், பாட்டியைப் பார்க்க நேரமில்லை.

"அதை இத்தாலிக்காரன் கட்டினானாமே?" அப்படி ஒரு பேச்சு நெடுநாளாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். மைசூரை வெள்ளைக்காரர் வரைந்தார் என்றால் யாரும் முகம் சுளிக்கவில்லை, இதற்கு மட்டும் ஏன்? வரைந்தவர் யாராக இருந்தாலும் செங்கல் அறுத்தவன் அங்கத்தியவன். அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர்த் தெப்பக்குளம் ஆனது என்று மதுரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் அங்கே தோண்டும்போது கிடைத்தவர்தான் என்பார்கள். செங்கல் சூளைகளால் பேர் வந்த பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்துகொண்டு செங்கல்லுக்கு மரியாதை கொடுக்காவிட்டால் எப்படி?

"ராஜா வரிப்பணத்தில் ஆடம்பரம் செய்தார், அதற்கு நீ பாட்டுப் பாடுகிறாயா?" ஆமாம், ராஜாக்கள் அப்படித்தான். எல்லா ராஜாவும்தான். அடுத்தது.

அடுத்தது தான் என்னை இரவு தூங்கவிடவில்லை. குரூப்பில் ஒருவர், படித்தவர், மேடையில் தமிழைப் பற்றிக் கண்ணீர் மல்கப் பேசுகிறவர், எழுதினார்: "அது தெலுங்கன் கட்டுனது. நம்ம அரண்மனையே இல்ல. விட்டுத்தள்ளுங்க." அதற்கும் கைதட்டல்.

நாயக்கர்கள் தெலுங்கு பேசியவர்கள்தான், விஜயநகரத்துக் காலத்தில் வந்தவர்கள்தான். யாரும் மறைக்கவில்லை. மதுரையில் விசுவநாத நாயக்கர் ஆட்சி தொடங்கியது 1529 என்பது வழக்கமான கணக்கு. திருமலை பட்டத்துக்கு வந்தது 1623. நடுவே ஏறத்தாழ நூறு வருடங்கள். தாத்தா, அப்பா, பிள்ளை என்று அந்த மண்ணிலேயே பிறந்து, மீனாட்சிக்குப் புதுமண்டபம் கட்டி, அழகர் ஆற்றில் இறங்குவதை மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்துச் சித்திரைத் திருவிழாவை இன்றைக்கு நாம் பார்க்கிற மாதிரி ஆக்கியவர் என்று ஊரே யாரைச் சொல்கிறதோ, அவர் அன்னியர்.

சரி. இங்கே நம் தாத்தாக்கள் வந்தும் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. தேர்தல் வந்தால் யாரோ ஒருவன் மைக்கைப் பிடித்து "பெண்டாத்தாங்", அதாவது வந்தேறி, என்று நம்மைச் சொல்வான். உடனே நாம் கொதிக்கிறோம். ரயில் பாதை போட்டோம், ரப்பர் மரத்தில் பால் வெட்டினோம், பினாங்கில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தை இந்தியக் கைதிகளைக் கொண்டுதான் கட்டினார்கள் என்று பட்டியல் போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன், இதே முகநூலில், நீங்களும் ஷேர் செய்திருக்கிறீர்கள். நூறு வருடம் இங்கே உழைத்தால் நமக்கு இந்த மண் சொந்தம். நூறு வருடம் அங்கே இருந்து ஊரையே எழுப்பியவனுக்கு மதுரை சொந்தமில்லை. இது என்ன கணக்கு? நான் கணக்குப் பிரிவுதான், எனக்கே புரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது தோண்டி எடுப்பீர்கள். என் அப்பாவைப் பெற்ற பாட்டி வீட்டில் தன் அண்ணன்களோடு தெலுங்கு பேசுவார். தோட்டத்தில் எல்லாரோடும் தமிழ். எங்களுக்கு ஆத்திசூடி சொல்லிக்கொடுத்தது அவர்தான், பள்ளிக்கூடம் இல்லை. இதை அந்த குரூப்பில் சொன்னதும் வந்த பதில்: "அதான பார்த்தேன், ஏன் இவ்ளோ துடிக்குதுன்னு." என்னோடு தைப்பூசத்துக்குப் பத்துமலைப் படி ஏறியவர், என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர் எழுதியது. அந்த ஒரு வரிக்கு முன்னால் ஏஜென்ட் தம்பியின் வாய்ஸ் நோட்டெல்லாம் சர்க்கரைப் பொங்கல். மகாலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், எங்கேயோ வந்து நிற்கிறேன், பரவாயில்லை.

சேலைக்கடை பற்றியும் ஒரு வார்த்தை. எனக்குச் சேலை பிடிக்காதா? மதுரைக்குப் போனால் சுங்குடிச் சேலை எடுக்காமல் வரமாட்டேன். ஆனால் அந்தச் சுங்குடியைக் கட்டிச் சாயம் போட்ட சௌராஷ்டிரர்கள் மகாலைச் சுற்றித்தான் குடியேறினார்கள், வரவழைத்ததே திருமலை என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது. விளக்குத்தூண் பக்கம் துணிக்கடைகளுக்கு நடுவே ஒரு சந்து இருக்கிறது, பத்துத் தூண் சந்து என்று பெயர். பழைய அரண்மனையின் பத்துத் தூண்கள் இன்னும் அங்கே நிற்கின்றன, கூரையில்லை, கூடமில்லை, நடுத்தெருவில் தூண் மட்டும். நைட்டி மூட்டையை அதில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் வியாபாரம் நடக்கிறது. துணி எடுக்க அந்தப் பக்கம் போனால், தூணுதானே என்றவர்கள் கொஞ்சம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

"பயணத்துக்கு நேரம் போதாது, தம்பி என்ன செய்வார்?" என்று கேட்டவர்களுக்கு: அரை மணி நேரம் போதும். மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து ஆட்டோவில் சில நிமிடம், நடக்க முடிந்தவர்கள் நடந்தே போய்விடலாம். மாலையில் ஒலி-ஒளிக் காட்சி கூட உண்டு, அதில் சிலப்பதிகாரக் கதையை ஓட்டுவார்கள். நாயக்கர் வீட்டில் கோவலன் கதையா என்று எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டால் குறை சொல்லத் தோன்றாது.

தம்பிக்கு நேற்றே செய்தி அனுப்பிவிட்டேன். பஸ் சேலைக்கடைக்குப் போகட்டும், நான் ஆட்டோ பிடித்து மகாலுக்குப் போய்விட்டு ஓட்டலில் வந்து சேர்ந்துகொள்கிறேன். குரூப்பில் வாயே திறக்காத இரண்டு அக்காமார் தனியாக எழுதி, "எங்களையும் கூட்டிட்டுப் போம்மா" என்றிருக்கிறார்கள். ஆட்டோவில் இன்னும் ஒருவருக்கு மடியில் இடமிருக்கிறது.

கருத்துப் பெட்டி திறந்தே இருக்கும். மகால் அசிங்கம் என்று சொல்லுங்கள், மைசூர்தான் உசத்தி என்று சொல்லுங்கள், இத்தாலிக்காரன் பெயரோடு வாருங்கள், பேசலாம். என் பாட்டியை இழுத்தால் பிளாக். அது மேடைப் பேச்சாளராக இருந்தாலும் சரி.